மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசாதபோது: அறிகுறியைப் பிடித்துப் பழுதை அடைவது

ஸ்கேனரில் யு0100 (இன்ஜின் மாட்யூலோடு தொடர்பு இல்லை) என்ற குறியீடு வந்ததும் இன்ஜின் மாட்யூலை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியை, மாற்றச் சொல்லிவிட்ட வண்டிகள் என்னிடம் நிறையவே வந்திருக்கின்றன. புதிய மாட்யூல் பொருத்திய பிறகும் அதே குறியீடு அப்படியே நிற்கும். கழற்றி வைத்த பழைய மாட்யூலில் குறையே இருக்காது. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபியூஸின் தளர்ந்த பிடிப்போ, எர்த் போல்ட்டின் அடியில் ஏறிய துருவோ, தரைக் கம்பளத்துக்குக் கீழே நனைந்து கிடந்த கனெக்டரோதான் வேலையைக் காட்டியிருக்கும்.

யு எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் எந்த மாட்யூலின் குரல் கேட்கவில்லை என்பதை மட்டுமே சொல்கின்றன. ஏன் கேட்கவில்லை என்பதை நாம்தான் மீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரம், எர்த், கம்பி ஆகிய மூன்றும் சரி என்று அளந்து பார்க்காமல் எந்த மாட்யூலையும் வாங்காதீர்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் பல்பில் இரண்டு கம்பி இணைத்த சோதனை விளக்கு, உங்கள் வண்டிக்கே உரிய வயரிங் படம், எல்லா மாட்யூல்களையும் வரிசையாகக் கேட்டுப் பார்க்கும் ஸ்கேனர். வண்டியின் சோதனை முனையான ஓபிடி கனெக்டரில் செருகி, கைப்பேசியோடு இணையும் சிறிய ஓபிடி கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் குறியீடுகளோடு நின்றுவிடும். ஏபிஎஸ் மாட்யூல் அதில் தெரியவில்லை என்பதற்காக ஏபிஎஸ் மாட்யூல் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றில் ஓம் மீட்டரையோ சோதனை விளக்கையோ வைக்கவே கூடாது. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடக் கூடாது.

## எந்த அறிகுறியானாலும் முதல் பதினைந்து நிமிடம்

பேட்டரியை அளந்து பாருங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். 12.2க்குக் கீழே இருந்தால் வேறு எதையும் தொடாமல் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வரை இருக்கும். மின்னழுத்தம் சரிந்தால் மாட்யூல்கள் ஒவ்வொன்றாக அணைந்து எழும். அணைந்ததைப் பற்றி மற்றவை எல்லாம் யு குறியீடு பதிந்துவிடும். மாட்யூல்கள் தமக்குள் பேசும் இரட்டைக் கம்பித் தொடர்புக்குக் கேன் என்று பெயர். நான் பார்த்த "கேன் பழுது"களில் கணிசமானவை பேட்டரி மாற்றியதோடு முடிந்தவை.

அடுத்து, எல்லா மாட்யூல்களிலும் உள்ள குறியீடுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பிறகே அழிக்க வேண்டும். அழித்துவிட்டு இக்னிஷனைப் போட்டு மறுபடி படியுங்கள். உடனே திரும்பி வருபவை மட்டுமே இன்றைய பழுது. மற்றவை என்றோ பேட்டரி கழற்றியபோது பதிந்த பழைய கதையாக இருக்கலாம்.

மூன்றாவது, வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகு சேர்த்த எல்லாவற்றையும் கழற்றுங்கள்: ஓபிடி முனையிலேயே விட்டுவைத்த கருவி, ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், தொலைவிலிருந்து ஸ்டார்ட் செய்யும் அமைப்பு, கேன் அடாப்டரோடு வந்த மியூசிக் சிஸ்டம். கழற்றியதும் பழுது மறைந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. இதைக் கடைசியில் செய்தவர்கள் அதுவரை செய்த வேலையெல்லாம் வீண் என்று உணர்ந்து வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 1: ஸ்கேனர் எந்த மாட்யூலோடும் பேசவில்லை

### வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது

அப்படியானால் மாட்யூல்கள் தமக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. பழுது ஸ்கேனருக்கும் அவற்றுக்கும் நடுவே இருக்கிறது. ஓபிடி கனெக்டரின் 16ஆம் பின்னில் பேட்டரி மின்னழுத்தம் வர வேண்டும். 4, 5 ஆகிய பின்கள் எர்த். 16இல் மின்சாரம் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் முனையும் ஓபிடியும் ஒரே ஃபியூஸைப் பகிர்ந்துகொள்கின்றன. சார்ஜர் செருகும்போது அது எரிந்து போனது யாருக்கும் தெரிந்திருக்காது.

மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தால் பின்களின் வாயைப் பாருங்கள். தடித்த முனையை யாராவது குத்தி அளந்திருந்தால் பின் விரிந்து பிடிப்பில்லாமல் போயிருக்கும். அடுத்தபடியாக, வேறொரு வண்டியில் இதே ஸ்கேனரைச் செருகிச் சோதியுங்கள். அதுவும் சரி என்றால் மிச்சம் இருப்பது கேட்வே, அதாவது வண்டியின் வெவ்வேறு கம்பித் தொடர்புகளை இணைக்கும் மாட்யூல். புதிய வண்டிகள் பலவற்றில் ஓபிடி கம்பிகள் நேராகக் கேட்வேயில் போய் முடிகின்றன. அதன் ஃபியூஸையும் எர்த்தையும் சோதித்த பிறகும் பதில் இல்லையென்றால் தொழில்முறை ஆளிடம் விடுங்கள்.

### வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை, மீட்டர் பலகையில் விளக்குகள் கூட்டமாக எரிகின்றன

கேன் கம்பிகளில் பேச்சே நின்றுவிட்டது. இங்கே இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும், வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் அளவு, மின்னழுத்தம். இக்னிஷன் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை 4ஆம் பின்னில் வைத்து, 6ஆம் பின்னையும் 14ஆம் பின்னையும் தனித்தனியே அளவுங்கள். 6 கேன் ஹை, 14 கேன் லோ. நல்ல நிலையில் ஹை 2.5க்குச் சற்று மேலே, சுமார் 2.6 முதல் 2.8 வரை நிற்கும். லோ அதே அளவு கீழே, 2.2 முதல் 2.4 வரை நிற்கும். இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஒரு கம்பி பாடியோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது எந்த மாட்யூலுமே விழிக்கவில்லை. இரண்டும் பேட்டரி மின்னழுத்தத்தை நெருங்கினால் ஏதோ ஒரு 12 வோல்ட் கம்பி உரசிச் சேர்ந்திருக்கிறது. இரண்டும் அச்சு மாறாமல் ஒரே எண்ணைக் காட்டி 2.5இல் நின்றால், ஹையும் லோவும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது யாரும் பேசவில்லை.

இரண்டாவது அளவு, மின்தடை. பேட்டரியின் எதிர்முனையை (மைனஸ்) கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பிறகு 6க்கும் 14க்கும் இடையே அளவுங்கள். கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒன்று இருக்கும். இரண்டும் பக்கவாட்டில் சேர்வதால் சரியான எண் 60 ஓம்.

120 வந்தால் ஒரு கோடியின் தடை காணவில்லை: கம்பி நடுவே அறுந்திருக்கிறது, அல்லது அந்தக் கோடியில் உள்ள மாட்யூலின் கனெக்டர் கழன்றிருக்கிறது. எல்லையற்ற மின்தடை வந்தால் ஓபிடி முனைக்கு வரும் கிளையே அறுந்திருக்கக்கூடும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஹையும் லோவும் ஷார்ட். 40 வந்தால் யாரோ மூன்றாவது தடையைச் சேர்த்திருக்கிறார்கள். பொருந்தாத மாட்யூலோ, பிறகு சேர்த்த கருவியோ காரணம். கேட்வே உள்ள வண்டியில் ஓபிடி முனையில் எடுத்த அளவு கேட்வே வரையிலான கம்பியை மட்டுமே பேசும். உள்ளே இருக்கும் கம்பிகளைக் கேட்வேயின் கனெக்டரில், வயரிங் படத்தைப் பார்த்துத்தான் அளக்க முடியும்.

60 ஓம் வந்துவிட்டது என்று நிம்மதியாக மீட்டரை மூடி வைப்பவர்கள் தயவு செய்து இதைக் கவனியுங்கள். ஒரு கம்பி பாடியோடு ஷார்ட் ஆனாலும் ஹைக்கும் லோவுக்கும் இடையே 60தான் காட்டும். ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையேயும் அளந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான ஓம் காட்ட வேண்டும். சில ஓம்களுக்கு இறங்கினால் அதுவே ஷார்ட்.

ஷார்ட் எங்கே என்று தேடுவதற்கு, மீட்டரை அளவிலேயே விட்டுவிட்டு மாட்யூல்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கை எட்டும் இடத்தில் உள்ளவற்றிலிருந்தும், தண்ணீர் படக்கூடிய இடத்தில் உள்ளவற்றிலிருந்தும் தொடங்குங்கள். எதைக் கழற்றியதும் எண் சரியாகிறதோ, அந்த மாட்யூலோ அதன் கனெக்டரோதான் கம்பியை இழுத்துப் பிடித்திருந்தது. கோடியில் உள்ள மாட்யூலைக் கழற்றும்போது 60 என்பது 120 ஆகும். அது இயல்பு, அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். எல்லா மாட்யூல்களையும் கழற்றிய பிறகும் ஷார்ட் நீங்கவில்லையென்றால் கம்பிக் கட்டிலேயே இருக்கிறது.

சில பழைய வண்டிகளில் கதவு, இருக்கை, ஏசி ஆகியவற்றுக்கு வேகம் குறைந்த தனிக் கேன் உண்டு. அதில் 60 ஓம் கணக்கும் 2.5 வோல்ட் கணக்கும் செல்லாது. வயரிங் படம் இல்லாமல் அந்தக் கம்பிகளில் அளந்து முடிவுக்கு வராதீர்கள்.

## அறிகுறி 2: ஒரே ஒரு மாட்யூல் மட்டும் பதில் சொல்லவில்லை

யு0100 இன்ஜின், யு0101 கியர், யு0121 ஏபிஎஸ், யு0131 ஸ்டியரிங், யு0140 பாடி மாட்யூல், யு0155 மீட்டர் பலகை. எழுதி வைத்த தாளை எடுத்து, அதிகம் பேர் யாருடைய பெயரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஏபிஎஸ் மாட்யூலும் மீட்டர் பலகையும் ஸ்டியரிங்கும் சேர்ந்து யு0101 என்று சொல்லி, கியர் மாட்யூலும் ஸ்கேனருக்குப் பதில் தரவில்லை என்றால் தேட வேண்டிய இடம் உறுதி. ஒரே ஒரு மாட்யூல் மட்டும் மற்ற எல்லோரையும் குறை சொன்னால், குறை சொல்பவரின் கம்பியைத்தான் பார்க்க வேண்டும்.

### ஃபியூஸ்

கழற்றிக் கண்ணால் பார்ப்பது போதாது. இக்னிஷன் போட்ட நிலையில் ஃபியூஸின் இரு தலையிலும் மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளவுங்கள். ஒரு மாட்யூலுக்கு இரண்டு மூன்று ஃபியூஸ்கள் இருக்கும்: நிலையாக வருவது ஒன்று, இக்னிஷன் வழியாக வருவது இன்னொன்று. அத்தனையும் பார்க்க வேண்டும். ரிலே வழியாக வந்தால், அதே அளவிலான பக்கத்து ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

### சுமை கொடுத்துச் சோதனை

நான் மிக அதிகமாக வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். மாட்யூலின் கனெக்டரைக் கழற்றி, கம்பிப் பக்க முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 காட்டும். சரி என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியும், களிம்பேறிய பின்னும் மீட்டருக்கு 12.4ஐத் தாராளமாகக் காட்டும். மாட்யூல் விழித்து மின்சாரம் இழுக்கும் கணத்தில் அது சரிந்து போகும்.

அதனால் அந்த 21 வாட் பல்பை மின்சாரப் பின்னுக்கும் மாட்யூலின் எர்த் பின்னுக்கும் நடுவே இணையுங்கள். முழு ஒளியோடு எரிந்தால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மங்கினால், பல்பு எரியும்போதே எர்த் பின்னுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளவுங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் பழுது. அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக்கிவிட்டு மறுபடி பல்பை வையுங்கள். பின்னின் வாயில் அதன் அளவுக்கேற்ற மெல்லிய முனையையே நுழைக்க வேண்டும். தடித்த முனையைத் திணித்தால் இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

### கேன் கிளை

மின்சாரமும் எர்த்தும் சரி என்றால், அதே கனெக்டரில் கேன் ஹை, லோ பின்களில் மேலே சொன்ன மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பிரதான கம்பியிலிருந்து பிரிந்து வரும் கிளை அறுந்திருக்கிறது.

### எல்லாம் சரி, ஆனாலும் பதில் இல்லை

இப்போதுதான் மாட்யூலைச் சந்தேகிக்க உரிமை வருகிறது. மாற்றுவதை நீங்களே செய்யாதீர்கள். இன்ஜின், பாடி, மீட்டர் பலகை மாட்யூல்கள் பல வண்டிகளில் திருட்டுத் தடுப்பு அமைப்போடு பிணைந்தவை. மென்பொருள் ஏற்றி, சாவியோடு சேர்த்துப் பதிவு செய்தால்தான் வண்டி கிளம்பும். பழைய வண்டியிலிருந்து கழற்றியதைச் செருகினால் வேலை செய்யும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

## அறிகுறி 3: ஓடும்போது விளக்குகள் எரிந்து, தானாகவே அணைந்துவிடுகின்றன

பொறுமையை மிகவும் சோதிக்கும் வகை இது. பட்டறைக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் நடக்காது. ஆகவே வண்டி ஓட்டுபவரிடம் எப்போது நடக்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் முதல் சோதனை. பதிலைப் பொறுத்து வழி பிரிகிறது.

### மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது

கம்பி உரசுகிறது, அல்லது பின் தளர்ந்திருக்கிறது. ஸ்கேனரில் நேரடி அளவுகளை ஓடவிட்டு, உதவிக்கு ஒருவரை வைத்துக் கம்பிக் கட்டுகளை ஒவ்வொரு சாண் தூரமாக மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். இன்ஜின் அறையில் இரும்புத் தாங்கியின் விளிம்பில் கம்பிக் கட்டு சாயும் இடங்கள், பேட்டரித் தட்டின் அடிப்பகுதி, கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் ஆகிய மூன்றும் முதலில் பார்க்க வேண்டியவை. ரப்பர் குழாய்க்குள் கம்பி ஆயிரக்கணக்கான முறை மடங்கி, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். மெல்ல இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர்போல நீளும். எலி கடித்த தடயங்களையும் தேடுங்கள்.

### மழை பெய்த பிறகு, வண்டி கழுவிய பிறகு

இருக்கைக்கு அடியிலும் கால் வைக்கும் இடத்திலும் கம்பளத்தைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள பஞ்சு நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். முன் கண்ணாடியின் அடியில் உள்ள வடிகால் இலைதழையால் அடைத்திருக்கலாம். கூரைக் கண்ணாடியின் வடிகுழாய் கழன்றிருக்கலாம். பின்விளக்கின் ரப்பர் விட்டிருக்கலாம்.

ஒரு வண்டியில் மழை நாளில் மட்டும் ஏபிஎஸ்ஸும் ஸ்டியரிங்கும் சேர்ந்து காணாமல் போயின. அதற்கு முன்பு பார்த்தவர்கள் இரண்டு மாட்யூல்களையும் சந்தேகித்திருந்தார்கள். இரண்டும் உலர்ந்த இடத்தில்தான் இருந்தன. அவற்றின் கேன் கம்பிகள் சந்திக்கும் இணைப்பு, ஓட்டுநரின் இடது கால் அருகே கம்பளத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. மாட்யூலைத் தேடுவதை விட்டுவிட்டு இரண்டுக்கும் பொதுவான இடத்தை வயரிங் படத்தில் தேடியிருந்தால் முதல் நாளே கண்டிருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூல்கள் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தால், பொதுவான ஃபியூஸ், பொதுவான எர்த், பொதுவான இணைப்பு என்ற மூன்றைத்தான் தேட வேண்டும்.

களிம்பேறிய பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்வது சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். பின்னை மாற்றுங்கள். கம்பியின் உள்ளேயும் ஈரம் ஏறிச் செம்பு கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டுங்கள். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் கம்பளத்தை மூடினால் அடுத்த மழைக்கு வண்டி திரும்பி வரும்.

### ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மட்டும்

பேட்டரியும் எர்த் பட்டையும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி முனைகளில் அளவுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரியைச் சோதனைக்குக் கொடுங்கள். இறங்கவில்லையென்றால், இன்ஜின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அதே கணத்தில் அளவுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையையும் அதன் போல்ட்களையும் பாருங்கள்.

### இன்ஜின் சூடேறிய பிறகு

கம்பிகள் சரி என்று உறுதியானால், சூட்டில் விரிசல் விடும் சால்டர் இணைப்பு மாட்யூலுக்கு உள்ளே இருக்கலாம். மாட்யூல் பலகையைப் பழுது பார்ப்பவரின் வேலை அது.

## கேன் கம்பியை ஒட்டும் முறை

ஹையும் லோவும் ஒன்றையொன்று முறுக்கியபடி ஓடுவது வெளி மின் இரைச்சலைத் தவிர்க்கத்தான். முறுக்கைப் பிரித்து நீளமாக விட்டுவிட்டால் பழுது புதிய உருவத்தில் வரும். தேவையான அளவுக்கு மட்டும் பிரித்து, இரண்டு கம்பிகளையும் வெவ்வேறு இடத்தில் வெட்டி, அழுத்துக் குழாயால் இணைத்து, பசையுள்ள வெப்பச் சுருக்கக் குழாய் போட்டு மூடி, மறுபடி முறுக்கி வையுங்கள். வெறுமனே திருகி டேப் சுற்றிய இணைப்பை நான் எந்த வண்டியில் கண்டாலும் வெட்டி எடுத்துவிடுகிறேன்.

## அறிகுறி 4: இரவில் பேட்டரி இறங்கிவிடுகிறது

பூட்டிய பிறகும் ஒரு மாட்யூல் உறங்காமல் மற்றவற்றையும் எழுப்பிக்கொண்டே இருக்கலாம். கதவுப் பூட்டின் நாக்கைக் கையால் தள்ளி மூடியதுபோல் ஆக்கி, சாவியைத் தொலைவில் வைத்துவிட்டு, மின்னோட்டத்தை அளவுங்கள். உறங்குவதற்குச் சில வண்டிகள் அரை மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும், அவசரப்படாதீர்கள். பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சேர்த்த கருவிகளையும் கதவுப் பூட்டின் சுவிட்சையும் முதலில் சந்தேகியுங்கள்.

## அறிகுறி 5: ஒரு கதவுக் கண்ணாடி, வைப்பர், பக்கக் கண்ணாடி மட்டும் கேட்பதில்லை

இவை பெரும்பாலும் லின் என்ற ஒற்றைக் கம்பியில் ஓடுகின்றன. 60 ஓம் சோதனை இங்கே பொருந்தாது. அந்தக் கம்பி ஓய்வில் பேட்டரி மின்னழுத்தத்தை ஒட்டி இருக்கும். பூஜ்யத்தில் கிடந்தால், அதில் தொங்கும் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் குற்றவாளி தெரிந்துவிடும்.

## எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

மாட்யூல் மாற்றவோ மென்பொருள் ஏற்றவோ வேண்டியிருந்தால், ஏர்பேக் மாட்யூலே காணாமல் போயிருந்தால், ஆரஞ்சுக் கேபிள் உள்ள வண்டியில் அதன் மின்கல அமைப்பு பேசவில்லையென்றால் நிறுத்துங்கள். மின்னழுத்தமும் மின்தடையும் சரியாக இருந்தும் தொடர்பு அறுந்து அறுந்து வந்தால் ஆசிலோஸ்கோப்பில் அலைவடிவத்தைப் பார்க்கத் தெரிந்தவர் தேவை. மல்டிமீட்டர் சராசரியை மட்டுமே காட்டும், கண்ணிமைக்கும் நேரத்து அறுபடலை அதில் பிடிக்க முடியாது. ஓடும்போது ஸ்டியரிங்கோ பிரேக்கோ சம்பந்தப்பட்ட தொடர்பு அறுந்திருந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஒப்படைக்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்: அழிப்பதற்கு முன்பு இருந்த குறியீடுகள், அழித்த பிறகு திரும்பியவை, 6ஆம் 14ஆம் பின்களின் மின்னழுத்தம், மின்தடை, எந்தக் கனெக்டரைக் கழற்றியபோது எண் மாறியது, மழையா மேடு பள்ளமா சூடா என்ற குறிப்பு.